தன்வரலாற்றில் படர்க்கை: மரியா ஷரப்போவாவின் நூலும் வாழ்வும்

தன்வரலாறு எழுதுவோர் எல்லாரும் ஒரு வசதியோடு எழுதத் தொடங்குகின்றனர். பேசுபவர் அவர், கேட்பவர் படிப்பவர், பேசப்படுபவர் பிறர். இம்மூவரையும் இலக்கணம் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று வகுக்கும். தன்மைக்கு வாய் உண்டு. முன்னிலைக்குச் செவி உண்டு. வேண்டாம் எனின் நூலை மூடி வைக்கும் உரிமையும் உண்டு. படர்க்கைக்கு அந்நூலுள் மறுத்துரைக்க வாய் இல்லை. எழுதியவர் எவ்வாறு வரைந்தாரோ அவ்வாறே அது அங்கு நிற்கும். ஆதலின், ஒரு தன்வரலாற்றின் நேர்மையை அளக்க விரும்புவோர் ஆசிரியர் தம்மைப் பற்றிக் கூறுவனவற்றை மட்டும் நோக்கினால் போதாது. பிறரை அவர் எப்படி நிறுத்துகிறார் என்பதையும் நோக்குதல் வேண்டும்.

இவ்வளவுகோலை வைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற நூல் ஒன்று உண்டு. ரஷ்ய டென்னிஸ் வீராங்கனை மரியா ஷரப்போவா அம்மையார், எழுத்தாளர் ரிச் கோகனின் துணையோடு எழுதி 2017 செப்டம்பரில் வெளியிட்ட 'அன்ஸ்டாப்பபிள்' என்னும் ஆங்கில நூலே அது. 'தடுத்து நிறுத்த இயலாதவள்' என்பது அத்தலைப்பின் பொருள். 'இதுவரை என் வாழ்க்கை' என்பது துணைத் தலைப்பு. தலைப்பில் பெருமிதம் இருக்கிறது. துணைத் தலைப்பில் அடக்கம் இருக்கிறது. நூல் முழுவதும் இவ்விரண்டும் ஒன்றோடொன்று வழக்காடுகின்றன. அவ்வழக்கின் முடிவு நூலுக்குள் கிடைக்கவில்லை. பின்னர் அவர் வாழ்ந்த வாழ்வில்தான் கிடைத்தது.

நூலின் அமைப்பு

நூல் பிறப்பிலிருந்து தொடங்கவில்லை. 2016ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் பொதுப் போட்டியில் எடுக்கப்பட்ட ஊக்கமருந்துச் சோதனையோடு தொடங்குகிறது. அதன் பின்னரே சைபீரியாவுக்கும் பிள்ளைப் பருவத்துக்கும் திரும்பிச் செல்கிறது. இவ்வமைப்பு தற்செயலாக அமைந்தது அன்று. குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவர் மன்றத்தில் எழுந்து, "என் கதை முழுவதையும் கேட்ட பின் முடிவு கூறுங்கள்" என்று வேண்டுவது போன்றது அது. படிப்பவர் அடுத்து வரும் ஒவ்வொரு துன்பத்தையும் அந்தச் சோதனையை மனத்தில் வைத்தே படிக்கிறார். ஏழைச் சிறுமியின் கதை அத்துன்பங்களின் வழியாகவே ஒரு வழக்கறிஞரின் வேலையையும் செய்துவிடுகிறது.

இதனைக் குற்றம் என்று தள்ளிவிட வேண்டுவதில்லை. பழி சுமந்தவருக்குத் தம் கதையைக் கூறும் உரிமை உண்டு. ஆனால், எந்தப் பகுதி வரலாறு, எந்தப் பகுதி வாதம் என்று பிரித்தறியும் கடமை படிப்பவருக்கு உண்டு.

தந்தை

வரலாற்றுப் பகுதியே இந்நூலின் சிறந்த பகுதி. மரியாவின் பெற்றோர் யூரியும் யெலேனாவும் பெலாரஸ் நாட்டுக் கோமெல் நகரத்தினர். அதற்குத் தெற்கே இருந்த செர்னோபில் அணு உலை 1986 ஏப்ரலில் வெடித்தது. அதன் நஞ்சுக்கு அஞ்சி அவர்கள் ஊரை விட்டு வெளியேறினர். 1987 ஏப்ரல் 19இல் சைபீரியாவிலுள்ள நியாகன் என்னும் ஊரில் மரியா பிறந்தார். குழந்தைக்கு இரண்டு அகவை ஆனபோது குடும்பம் கருங்கடற் கரையிலுள்ள சோச்சி நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே யூரிக்கு அலெக்சாண்டர் கஃபெல்னிகோவ் என்பவரின் நட்புக் கிடைத்தது. பின்னாளில் பிரெஞ்சுப் பொதுப் போட்டியிலும் ஆஸ்திரேலியப் பொதுப் போட்டியிலும் வாகை சூடிய யெவ்கெனி கஃபெல்னிகோவின் தந்தை அவர். 1991இல் நான்கு அகவைச் சிறுமிக்கு முதல் மட்டையைத் தந்தவர் அவரே.

1993இல் மாஸ்கோவில் நடந்த ஒரு பயிற்சி நிகழ்ச்சியில் மார்ட்டினா நவ்ரத்திலோவா அம்மையார் சிறுமியின் ஆட்டத்தைக் கண்டார். அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அனுப்பிப் பயிற்றுவிக்குமாறு கூறினார். மறு ஆண்டு தந்தையும் மகளும் 700 டாலரோடு அமெரிக்கா சென்று இறங்கினர். இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. நுழைவு அனுமதி கிடைக்காமையால் தாய் இரண்டு ஆண்டுகள் ரஷ்யாவிலேயே தங்க நேர்ந்தது. தந்தை உணவுத் தட்டுகள் கழுவுவது உட்படக் கிடைத்த கூலி வேலைகளைச் செய்தார். ஒன்பதாம் அகவையில் மகளுக்கு நிக் பொல்லெட்டியேரி பயிற்சிக் கழகத்தில் இடம் கிடைத்தது. ஆண்டுக்கு 35,000 டாலர் வரும் கட்டணத்தை ஒரு விளையாட்டு நிறுவனம் ஏற்றது. தன்னைவிட மூத்த சிறுமியரோடு ஒரே அறையில் தங்கி, அவர்களின் ஏளனத்தைப் பொறுத்துக்கொண்டு, மொழியும் தாயும் இன்றி அச்சிறுமி வளர்ந்தார்.

இப்பகுதியில் தந்தை யூரி படர்க்கை மாந்தர். அவர் தெய்வமாகவும் ஆக்கப்படவில்லை, கொடியவராகவும் ஆக்கப்படவில்லை. பிள்ளையின் திறமையின் மேல் குடும்பத்தின் வாழ்வு முழுவதையும் பந்தயமாக வைத்த மனிதராகவே தோன்றுகிறார். அப்பந்தயம் அன்பா, ஆசையா, பிடிவாதமா என்று கேட்டால் மூன்றும் கலந்தது என்றே விடை கூற வேண்டும். ஆறு அகவைப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து இரண்டு ஆண்டுகள் வேற்று நாட்டில் வைத்திருந்தவரை எல்லாரும் புகழ்வார் அல்லர். வெற்றி பெறாமற்போயிருந்தால் அதே செயலை உலகம் என்ன பெயரிட்டு அழைத்திருக்கும் என்ற வினாவும் எழாமற்போகாது. இந்நூலில் தந்தையைப் பற்றிய பகுதிகள் அவ்வினாவுக்கு இடம் விட்டு எழுதப்பட்டிருக்கின்றன. மகள் தந்தையை நேசிக்கிறார். அதே வேளையில் அவரைக் கூர்ந்தும் பார்க்கிறார். நல்ல தன்வரலாற்றில் படர்க்கை மாந்தர் பெற வேண்டிய நீதி இதுவே.

வெற்றியின் காலம்

அடுத்து வருவது உலகம் அறிந்த கதை. 2004 ஜூலை 3ஆம் நாள் விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில், அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளும் அங்கே வாகை சூடியிருந்த செரினா வில்லியம்ஸ் அம்மையாரைப் 17 அகவை நிரம்பிய மரியா 6-1, 6-4 என்ற கணக்கில் வென்றார். விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வென்ற முதல் ரஷ்யர் அவரே. வென்றவுடன் திடலில் நின்றபடியே கைத்தொலைபேசியில் தாயை அழைக்க முயன்றார், இணைப்புக் கிடைக்கவில்லை. தாயைப் பிரிந்திருந்த அந்த இரண்டு ஆண்டுகளை அறிந்தவருக்கு, அக்காட்சி கோப்பையைக் காட்டிலும் பெரிதாகத் தோன்றும்.

2005 ஆகஸ்டில் உலகத் தரவரிசையில் முதலிடம் பெற்ற முதல் ரஷ்யப் பெண் ஆனார். 2006இல் அமெரிக்கப் பொதுப் போட்டியையும் 2008இல் ஆஸ்திரேலியப் பொதுப் போட்டியையும் வென்றார். அதே 2008 அக்டோபரில் வலத் தோளில் அறுவை மருத்துவம் நடந்தது. 2009 மே மாதம் ஒற்றையர் ஆட்டத்துக்குத் திரும்பியபோது தரவரிசையில் 126ஆம் இடத்தில் இருந்தார். களிமண் திடலில் தம் ஆட்டம் பனிமேல் நிற்கும் பசுவைப் போன்றது என்று முன்பொரு முறை தம்மையே நகையாடியவர், அக்களிமண்ணில் ஆடப்படும் பிரெஞ்சுப் பொதுப் போட்டியை 2012இலும் 2014இலும் வென்றார். இவ்வாறு நான்கு பெரும் போட்டிகளையும் வென்றோர் வரிசையில் இடம் பெற்றார். விளையாட்டுத் துறைப் பெண்களுள் உலகிலேயே மிகுதியாகப் பொருள் ஈட்டியவர் என்று ஃபோர்ப்ஸ் இதழ் 11 ஆண்டுகள் தொடர்ந்து அவரையே குறித்தது.

விழுந்தவர் எழுந்த இக்கதை நூலின் தலைப்புக்குப் பொருந்துகிறது. ஆயினும், தலைப்புக்குப் பொருந்தாத ஓர் எண்ணும் உண்டு. அவ்வெண்ணை விளக்க முயலும் இடத்தில்தான் நூல் இடறுகிறது.

செரினா

மரியாவும் செரினாவும் 22 முறை மோதினர். செரினா 20 முறை வென்றார். மரியா இருமுறை வென்றார். அவ்விரு வெற்றிகளும் 2004ஆம் ஆண்டிலேயே கிடைத்தவை. அதன் பின் 15 ஆண்டுகளில் நடந்த 19 ஆட்டங்களிலும் மரியாவுக்குத் தோல்வியே. 2012 லண்டன் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் செரினா 6-0, 6-1 என்று வென்றது அவற்றுள் கொடியது.

இத்தொடர் தோல்விக்கு நூல் கூறும் காரணம் வியப்புக்குரியது. 2004 விம்பிள்டன் இறுதி ஆட்டத்துக்குப் பின் உடைமாற்றும் அறையில் செரினா தேம்பி அழுததைத் தாம் கேட்டதாக மரியா எழுதுகிறார். தம்மை வென்ற மெலிந்த சிறுமி என்பதற்காக மட்டுமன்றி, தம் அழுகையைக் கேட்டவள் என்பதற்காகவே செரினா தம்மை வெறுத்தார் என்பது அவர் முடிபு. இனி அவளிடம் ஒருநாளும் தோற்கமாட்டேன் என்று செரினா தம் தோழி ஒருவரிடம் சூளுரைத்ததாகப் பிறர் கூறக் கேட்டதையும் சேர்த்துக்கொள்கிறார்.

கதை என்ற அளவில் இது சுவை மிக்கது. ஆனால் சான்று என்ற அளவில் எவ்வளவு தாங்கும் என்று நோக்க வேண்டும். அழுகையைக் காதால் கேட்டார், அது சான்று. சூளுரை பிறர் வாய்ச் சொல். அது கேள்விச் செய்தி. வெறுப்புச் செரினாவின் நெஞ்சில் இருந்தது என்பது உய்த்துணர்வு. மூன்றும் வேறு வேறு நிறையுடையவை. நூலோ மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறது. 2018ஆம் ஆண்டு பிரெஞ்சுப் பொதுப் போட்டியின்போது செரினா இதற்கு விடையளித்தார். தாம் படித்த பகுதிகள் முழுவதும் கேள்விச் செய்தியே என்றார். தோற்றவர் அழுவது இயல்பு என்றும், உடைமாற்றும் அறையில் நிகழ்ந்தது அங்கேயே இருந்திருக்கலாம் என்றும் கருத்துரைத்தார். நூலுள் வாய் இல்லாத படர்க்கைக்கு வெளியில் வாய் இருந்தது. எல்லாப் படர்க்கைக்கும் அவ்வாய்ப்புக் கிடைப்பதில்லை.

ஆட்டத்தை அறிந்தோர் வேறொரு காரணமும் கூறுவர். மரியாவின் வலிமை பந்தைத் தட்டையாகவும் கடுமையாகவும் அடிப்பதில் இருந்தது. பெரும்பாலோர் அவ்விரைவைத் தாங்காமல் பின்வாங்கினர். செரினாவோ அதே விரைவை விரும்பி ஏற்று, அதனினும் கடுமையாகத் திருப்பி அடித்தார். அவர் கால்கள் விரைந்து நகர்ந்தன. அவர் தொடக்க அடி பெண்கள் ஆட்டத்தில் நிகரற்றது. தோள் அறுவைக்குப் பின் மரியாவின் தொடக்க அடி தளர்ந்து, இரட்டைப் பிழைகள் மலிந்தன. அவருடைய இரண்டாம் தொடக்க அடியைச் செரினா இரக்கமின்றித் தாக்கினார். இவ்வளவும் திடலில் கண்ணால் காணக் கூடியவை. 2005 ஆஸ்திரேலியப் பொதுப் போட்டி அரையிறுதியில் மரியாவுக்கு வெற்றிப் புள்ளிகள் மூன்று கையருகே வந்து நழுவின. செரினா 2-6, 7-5, 8-6 என்று வென்றார். சில புள்ளிகள் மாறி விழுந்திருந்தால் அன்றும் மரியாவே வென்றிருப்பார். உடைமாற்றும் அறையின் அழுகை ஓர் ஆட்டக்காரருக்கு உரமூட்டியிருக்கலாம். 15 ஆண்டுகளின் சுமை முழுவதையும் அது ஒன்றே தாங்காது.

இதனினும் பெரிய குறை வேறொன்று உண்டு. செரினா நேரில் எவ்வளவு பெரிய உருவம் என்று நூல் விரித்துரைக்கிறது. கைகளும் கால்களும் வலிமையும் அங்கே பேசப்படுகின்றன. ஆனால் உயரத்தில் மரியா 188 சென்டிமீட்டர். செரினா 175 சென்டிமீட்டர். இவ்வளவைச் சுட்டி அன்றே பலர் கண்டித்தனர். கறுப்பினப் பெண்களின் உடலை அளவுக்கு மீறிப் பெரிதாக்கி, மென்மை அற்றதாகக் காட்டும் ஒரு பழைய வழக்கம் மேலை நாட்டு எழுத்திலும் கேலிச் சித்திரத்திலும் உண்டு. செரினா அதனைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்தவர். அவ்வழக்கம் மரியாவின் நூலுக்குள்ளும் நுழைந்துவிட்டது என்ற கண்டனம் நேரியதே.

எனினும் அப்பகுதியிலேயே ஒரு மெய்யுரையும் மறைந்து கிடக்கிறது. செரினாவின் முன் நிற்கும்போது தாம் இன்னும் சிறுமியாகவே உணர்வதாக மரியா ஒப்புக்கொள்கிறார். இதுவே அங்குள்ள பொன். அஞ்சியவர் கண்ணுக்கு எதிரே நிற்பவர் பெருத்துத் தோன்றுவது மனித இயல்பு. தாம் கண்டது செரினாவின் உடலை அன்று, தம் அச்சத்தையே என்று ஆசிரியர் தெளிந்து எழுதியிருந்தால், இப்பகுதி தன்வரலாற்று இலக்கியத்தில் நிலைத்திருக்கும். அச்சம் தன்மைக்கு உரியது. அதனை எடுத்துப் படர்க்கையின் மேனியில் வரைந்துவிட்டதே இந்நூலின் மாபெரும் பிழை.

தீர்ப்பு

ஊக்கமருந்து வழக்கிலும் ஏறத்தாழ இதே நிலையைக் காணலாம். மெல்டோனியம் என்பது லாட்வியா நாட்டில் உருவாக்கப்பட்ட நெஞ்சக நோய் மருந்து. மரியா 2006 முதல் மருத்துவர் அறிவுரைப்படி அதனை உட்கொண்டு வந்தார்; மில்ட்ரோனேட் என்ற வணிகப் பெயராலேயே அதனை அறிந்திருந்ததாகக் கூறினார். 2016 ஜனவரி 1 முதல் அம்மருந்து தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதே மாதம் 26ஆம் நாள், ஆஸ்திரேலியப் பொதுப் போட்டிக் காலிறுதியில் செரினாவிடம் தோற்ற அன்று, எடுக்கப்பட்ட சோதனையில் அது வெளிப்பட்டது. மார்ச் 7ஆம் நாள் செய்தியாளரை அழைத்துத் தாமே அதனை அறிவித்தார். ஒளியாமல் முன்வந்து கூறிய அத்துணிவு பாராட்டுக்குரியது.

ஜூன் மாதம் அனைத்துலக டென்னிஸ் கூட்டமைப்பு அமைத்த தனி நடுவர் குழு இரண்டு ஆண்டுத் தடை விதித்தது. அக்டோபரில் விளையாட்டு நடுவர் மன்றம் அதனை 15 மாதமாகக் குறைத்தது. நூலில் முன்னிற்பவை தடை அறிவிப்புத் தெளிவாக வந்து சேரவில்லை என்பதும், ரஷ்யாவில் அது எங்கும் கிடைக்கும் எளிய மருந்து என்பதும், தமக்கு இழைக்கப்பட்ட கடுமையும் ஆகும். முதல் தீர்ப்பில் முன்னிற்பவை வேறு. அறிந்து செய்த ஏமாற்று அன்று என்று அக்குழு ஏற்றது. ஆனால், சோதனைக்கான படிவங்களில் அம்மருந்தை அவர் குறிக்கவில்லை. தம் பயிற்சித் துணைவர் பலருக்கும் தெரிவிக்கவில்லை. தடைப் பட்டியலைப் பார்க்கும் பொறுப்பைத் தம் மேலாளரிடம் விட்டிருந்தார் என்பவற்றையும் அது எடுத்துரைத்தது. இரண்டாம் தீர்ப்பு அவர் தவற்றைப் பெருந்தவறு அன்று என்று கொண்டது. தவறே இல்லை என்று கூறவில்லை.

இரு தீர்ப்புகளையும் நூலையும் அருகருகே வைத்துப் படிப்பவர், அவர் வஞ்சகர் என்ற முடிவுக்கு வரமாட்டார். கவனமின்மைக்கு விலை கொடுத்தவர் என்ற முடிவுக்கே வருவார். 'நான் பார்க்கவில்லை, பார்த்திருக்க வேண்டும்' என்னும் எளிய வாக்கியம் ஒருவரைத் தாழ்த்தாது. மார்ச் மாதச் செய்தியாளர் கூட்டத்தில் அவர் பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். 18 மாதம் கழித்து வந்த நூலில் அந்த ஏற்பு மங்கி, மனக்குறை ஓங்கி நிற்கிறது. வாய்மொழியில் இருந்த நிமிர்வு எழுத்தில் குறைந்துவிட்டது.

பிரிவுரை

2017 ஏப்ரல் 26இல் அவர் மீண்டும் திடலில் இறங்கினார். தகுதிச் சுற்றின்றி நுழையும் சிறப்பு அழைப்பைச் சில போட்டிகள் அளித்தன. பிரெஞ்சுப் பொதுப் போட்டி மறுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் சீனாவின் தியான்ஜின் நகரில் வென்ற பட்டம் அவருடைய 36ஆவது ஒற்றையர் பட்டம். அதுவே இறுதியும் ஆயிற்று. தோள் மீண்டும் வருத்தியது. 2020 பிப்ரவரி 26இல், 32ஆம் அகவையில், தரவரிசையில் 373ஆம் இடத்தில் இருந்தபோது, ஒரு கட்டுரை வாயிலாக ஆட்டத்திலிருந்து விடை பெற்றார்.

அக்கட்டுரை சிறியது. ஆயினும், எழுத்தின் நேர்மையில் நூலை விஞ்சுகிறது. தாம் முதன்முதலாகக் கண்ட டென்னிஸ் திடலில் ஆடியவர் தம் தந்தை என்றும், தரையைத் தொடாமல் கால்கள் தொங்கும்படி விசிப்பலகையில் தாம் அமர்ந்திருந்ததாகவும் அதில் எழுதுகிறார். கையில் எடுத்த மட்டை தம் உருவத்தைப் போல் இருமடங்கு இருந்ததாம். பின்னர், 2019 ஆகஸ்டு மாத அமெரிக்கப் பொதுப் போட்டிக்கு வருகிறார். ஆட்டத்துக்கு அரை மணி நேரத்துக்கு முன், மூடிய கதவுக்குப் பின்னால், தோளை மரத்துப்போகச் செய்யும் மருத்துவம் நடந்ததை வெளிப்படுத்துகிறார். அந்த ஆட்டத்தில் எதிர்நின்றவர் செரினா. அன்று மரியா 6-1, 6-1 என்று தோற்றார். அதுவே இருவரும் மோதிய கடைசி ஆட்டம்.

வேறுபாட்டை நோக்குக. 2017இல் தோல்விக்குக் காரணம் எதிரியின் வெறுப்பு. 2020இல் பேசப்படுவது தம் உடலின் தளர்ச்சி. தோளின் நோவை இரக்கம் வேண்டிக் கூறவில்லை என்றும் அவரே குறிக்கிறார். களத்தில் இறங்கி நின்றதே அன்று தமக்குக் கிடைத்த கடைசி வெற்றி என்ற பொருள்பட எழுதுகிறார். படர்க்கையின் மேல் ஏற்றி வைத்திருந்த சுமையை இறக்கித் தன்மையில் ஏற்றுக்கொண்ட எழுத்து அது. மூன்று ஆண்டுக்குள் அவர் நடை மேம்பட்டதற்குச் சொல்வளம் காரணம் அன்று. தம்மை நிறுத்த இயலாது என்று நிறுவ வேண்டிய தேவை தீர்ந்துபோயிற்று; நின்றுவிட்டேன் என்று கூற முடிந்தது. அதனால் உண்மையும் எளிதாக வந்தது.

நியூபோர்ட்

பின்னைய வாழ்வு ஆரவாரமின்றிச் சென்றது. 2022 ஜூலையில் ஆண் மகவு ஒன்றுக்குத் தாயானார். வணிகத் துறையில் ஈடுபட்டு, அதே ஆண்டில் ஒரு பெரிய ஆடை நிறுவனத்தின் இயக்குநர் அவையில் இடம் பெற்றார். செர்னோபிலால் இடம்பெயர்ந்த குடும்பத்தின் மகள், 2007இலேயே அப்பகுதியின் மீட்சித் திட்டங்களுக்கு 1,00,000 டாலர் அளித்திருந்ததையும் இவ்விடத்தில் நினைவு கூரலாம்.

2025 ஆகஸ்டு 23ஆம் நாள் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில், அனைத்துலக டென்னிஸ் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அவரை அறிமுகம் செய்து பேசுவதற்கு மேடையேறியவரைக் கண்டு அவையோர் வியந்தனர். வந்தவர் செரினா வில்லியம்ஸ். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலுள் வெறுப்பே உருவானவராக எழுதப்பட்ட படர்க்கை, ஒலிபெருக்கியின் முன் நின்று தன்மையில் பேசினார். மரியாவைத் தோழி என்று பாராட்டினார்.

இந்நிகழ்ச்சியைக் கொண்டு நூல் முழுவதும் பொய் என்று கூறிவிடக் கூடாது. 2004இல் வெறுப்பு இருந்திருக்கலாம்; பின்னர் தணிந்திருக்கலாம். மனிதர் மாறுவர். மாறக் கூடியவர் என்ற எண்ணத்தோடு படர்க்கையை எழுதுவதே தன்வரலாற்று ஆசிரியரின் அறம். தந்தையை எழுதும்போது மரியா அவ்வறத்தைக் காத்தார். அப்பகுதிகள் இன்றும் வாடாமல் இருக்கின்றன. செரினாவை எழுதும்போது அதனைக் கைவிட்டார். அப்பகுதிகளை எட்டே ஆண்டுகளில் ஒரு மாலை நேரத்து மேடைப் பேச்சு பழையனவாக்கிவிட்டது.

பள்ளியில் மாணவருக்குத் தன்கதை எழுதப் பழக்கும் ஆசிரியர்களுக்கு இந்நூலில் ஒரு பாடம் இருக்கிறது. தன்கதை எழுதும் மாணவன் தன்னைச் சிறப்பித்துக்கொள்வதை ஆசிரியர் எளிதில் திருத்துவர். தனக்குத் தீங்கு செய்தார் என்று அவன் கருதும் அடுத்த வீட்டுப் பிள்ளையை எப்படி எழுதுகிறான் என்பதையும் அவர்கள் நோக்குவார்களாயின், நடையோடு நெஞ்சும் திருந்தும். அவன் கண்டது எது, கேட்டது எது, கருதியது எது என்று பிரித்து எழுதச் செய்தாலே போதும்.

ஷரப்போவா அம்மையாரின் நூலில் தலைப்பைக் காட்டிலும் துணைத் தலைப்பே உண்மை மிக்கது. தடுத்து நிறுத்த இயலாதவர் உலகில் எவரும் இலர். தோள் நிறுத்தும், தீர்ப்பு நிறுத்தும், காலம் நிறுத்தும். 'இதுவரை' என்ற சொல்லோ, தமக்கும் பிறருக்கும் இன்னும் சில பக்கங்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் சொல். அச்சொல்லை அட்டையில் பொறித்தவர், செரினாவைப் பற்றிய பக்கங்களிலும் அதனை மறவாதிருந்தால், அந்நூல் அவர் பெற்ற ஐந்து பெரும் பட்டங்களோடு ஆறாவதாக வைத்து எண்ணத் தக்கதாகி இருக்கும்.